தொற்றுநோய் மருத்துவராகப் போனால் நோயாளியை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி இதுதான்: "மருத்துவப் படிப்பு முடியப்போகிறது. தொற்றுநோய்ப் பிரிவில் மேற்படிப்பு படித்து, அப்புறம் உலகப் பொதுச் சுகாதாரத்துக்குப் போக ஆசை. அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? நோயாளி பார்ப்பதை விட்டுவிட்டு மேசையோடு உட்கார்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பட்டத்தை முதலில் முடித்துவிடலாமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?"

பயம் நியாயமானதுதான். இந்தத் துறையில் ஸ்டெதஸ்கோப்பைச் சீக்கிரமே கழற்றி வைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: நோயாளி பார்ப்பது ஒரு வேலை, பொதுச் சுகாதாரம் இன்னொரு வேலை, முதலாவதை விட்டால்தான் இரண்டாவது என்று. பல வருடங்களாக இரண்டிலும் காலை வைத்திருக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்ததும் மனதில் எழ வேண்டிய கேள்விகள் இரண்டு. இது இவருக்கு எங்கிருந்து வந்தது? இவரிடமிருந்து அடுத்து யாருக்குப் போகும்? இந்த இரண்டையும் வார்டு வாசலோடு விட்டுவிடுகிறீர்களா, ஊர் எல்லை வரை துரத்திக்கொண்டு போகிறீர்களா என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் அன்றாட வேலை. தொற்றுநோய் மருத்துவருக்குப் பெரும்பாலும் சொந்தமாகப் பெரிய வார்டு இருக்காது. மற்ற பிரிவினர் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, எலும்பு மஜ்ஜை மாற்றியவருக்கு நுரையீரலில் நிழல் தெரிகிறது, எச்ஐவி உள்ளவருக்கு ஒரு வாரமாகத் தலைவலி என்று. நீங்கள் போய், எல்லோரும் ஏற்கெனவே புரட்டிய அதே கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பீர்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பீர்கள். என்ன தொழில், எந்த மிருகத்தைத் தொட்டீர்கள், எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள், யாரோடு உறவு, கடைசியாக எங்கே போய் வந்தீர்கள். கையில் கத்தி கிடையாது, குழாய் கிடையாது. கேள்விதான் கருவி. மிருகங்களிடமிருந்து தொற்றும் எலிக்காய்ச்சல், கியூ காய்ச்சல், புருசெல்லா எல்லாம் ஸ்கேனில் பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை. என்ன வேலை செய்கிறார் என்று கேட்டவருக்குத்தான் பிடிபடும்.

எழுதித் தருகிற யோசனைகளில் பாதி "இந்த மருந்தை நிறுத்துங்கள்" என்பதாகத்தான் இருக்கும். இதனால் எல்லோருக்கும் உங்களைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் விஷயம் சின்னதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் 2019இல் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் உயிர்களைப் பறித்ததாக 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகளாவிய கணக்கு சொல்கிறது. தேவையில்லாத ஒரு ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது அந்த நோயாளிக்கு மட்டும் செய்கிற காரியமில்லை. பக்கத்துப் படுக்கைக்கும் சேர்த்துத்தான்.

பயிற்சியின் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐசியுவில் இரண்டு வாரத்துக்குள் மூன்று பேருக்கு இரத்த கல்ச்சரில் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஒரே கிருமி வளர்ந்தது: பர்க்கோல்டெரியா செபேசியா. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி. ஈரம் இருந்தால் போதும், சில கிருமிநாசினித் திரவங்களுக்குள்ளேயே சௌகரியமாகக் குடியிருக்கும். மூன்று பேருக்கும் சரியான மருந்து எழுதிவிட்டேன், மூவரும் தேறினார்கள், எனக்கு உள்ளூரப் பெருமை. அன்று மாலை எனக்கு மேலிருந்த மருத்துவர் மூன்று கேஸ் ஷீட்டையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்து, "சிகிச்சை எல்லாம் சரி, மூணு பேருக்கும் பொதுவா என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே நோய் இல்லை, ஒரே படுக்கை இல்லை, ஒரே நர்ஸ்கூட இல்லை. மறுநாள் நின்று பார்த்தோம். மூவருக்கும் கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றும் குழாய், போட்டிருந்தார்கள், அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போட்டார்கள். அதற்குத் தடவுகிற ஜெல், பெரிய கேனிலிருந்து சின்னக் குப்பிகளுக்கு ஊற்றப்படும். குப்பி தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள், யாரும் கழுவுவதில்லை. குப்பியின் மூக்கில் காய்ந்த ஜெல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் துடைத்துக் கல்ச்சருக்கு அனுப்பினோம். அதே கிருமி. அன்றோடு குப்பி போய், கிருமி நீக்கிய ஒருமுறைப் பாக்கெட் வந்தது. நாலாவது ஆள் வரவில்லை.

இதில் எது சிகிச்சை, எது பொதுச் சுகாதாரம்? கோடு போட்டுப் பிரிக்க எனக்கு இன்னும் தெரியாது.

இதே காரியம் ஒரு நாட்டின் அளவில் நடந்த கதையும் உண்டு. 2014 ஜூலை 20. லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த பேட்ரிக் சாயர் லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மலேரியா என்று சிகிச்சை தொடங்கியது. மறுநாள் அவரைப் பார்த்தவர் அமெயோ அடடேவோ. அவர் தொற்றுநோய் நிபுணர்கூட இல்லை, நாளமில்லாச் சுரப்பி நோய்களில் தேர்ந்த மூத்த மருத்துவர். மலேரியாவுக்கான சிகிச்சைக்கு நோயாளி தேறவில்லை, வந்த நாடு லைபீரியா, அங்கே எபோலா எரிந்துகொண்டிருக்கிறது. எபோலா நோயாளி யாரோடும் பழகவில்லை என்று சாயர் சாதித்தார். அடடேவோ நம்பவில்லை. தனிமைப்படுத்தினார், இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார், சுகாதார அதிகாரிகளுக்குச் சொன்னார். முக்கியமான மாநாட்டுக்குப் போக வேண்டியவர், விட்டுவிடுங்கள் என்று லைபீரிய அதிகாரிகள் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது. விடவில்லை. சில நாளில் சாயர் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்கள் பலருக்கு நோய் தொற்றியது. அடடேவோவும் ஆகஸ்ட் 19 அன்று எபோலாவிலேயே இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் "அடுத்து யாருக்கு" என்ற இரண்டாவது கேள்வியின் வேலை. நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரின் பட்டியல் தயாரானது. அவர்களை நேரில் போய்ப் பார்த்தது மட்டும் சுமார் 18,500 தடவை. காய்ச்சல் இருக்கிறதா, இருக்கிறதா என்று 21 நாள். இதைச் செய்ய ஆளும் இடமும் எப்படிக் கிடைத்தது? போலியோ ஒழிப்புக்காக நைஜீரியா ஏற்கெனவே கட்டி வைத்திருந்த அவசர நடவடிக்கை மையத்தின் ஆட்களையும் முறைகளையும் அப்படியே திருப்பிவிட்டார்கள். கடைசிக் கணக்கு 20 நோயாளிகள், 8 மரணம். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் அந்தப் பரவல் 2016 வரை நீண்டு, 28,600 பேருக்கு மேல் தொற்றி, 11,300க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த முதல் நாளில் அடடேவோ மலேரியா என்றே விட்டிருந்தால், போலியோக்காரர்களின் பட்டியலுக்கு வேலையே வந்திருக்காது. பட்டியல் போட ஆள் இல்லாமல் இருந்திருந்தால், அடடேவோவின் சந்தேகம் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே முடிந்திருக்கும்.

சரி, எண்ணுவதைப் பற்றிப் பேசலாம். மருத்துவம் படித்தவர்களுக்குக் கஷ்டமாக வருவது இதுதான். நமக்கு நோயாளியைப் பார்த்துப் பழக்கம், நோய் வராதவரைப் பார்த்துப் பழக்கமில்லை. பின்னத்தில் மேலே இருக்கிற எண்ணை மட்டும் பார்க்கிறோம், கீழே இருப்பது கண்ணில் படுவதில்லை.

ஜான் ஸ்னோ கதையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: 1854, லண்டனில் காலரா, அது பிராட் தெருக் குழாய்த் தண்ணீரிலிருந்து பரவுகிறது என்று ஸ்னோ கண்டது, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது. பாடத்தில் அதிகம் வராத இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். ஒன்று, ஸ்னோ பிழைப்புக்குச் செய்தது மயக்க மருந்து கொடுக்கும் வேலை. அதற்கு முந்தைய வருடம்தான் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்திருந்தார். இரண்டு, அவருடைய வாதத்துக்கு வலு கொடுத்ததில் செத்துப்போகாதவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பக்கத்திலேயே ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது, 535 பேர் தங்கியிருந்தார்கள், இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் காய்ச்சும் ஆலை, எழுபதுக்கு மேல் தொழிலாளர்கள், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பீரைக் குடித்தார்கள், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. தெருக் குழாய்ப் பக்கம் போகவே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் குறைய ஆரம்பித்துவிட்டது, நோய் தாக்கிய தெருக்களிலிருந்து ஜனங்கள் முக்கால்வாசிக்கு மேல் ஓடியிருந்தார்கள் என்று ஸ்னோவே எழுதி வைத்திருக்கிறார். தன் வெற்றியைத் தானே குறைத்து எழுதுகிற அந்த நேர்மையை இன்றைய அறிக்கைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுவதில் நான் வாங்கிய முதல் அடி லைன் லிஸ்டில். ஒரு வரிசைக்கு ஒரு நோயாளி: பெயர், வயது, இடம், எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் வந்தார், என்ன ஆனார். பார்க்க மளிகைக் கணக்கு மாதிரி இருக்கும். ஒரு வயிற்றுப்போக்குப் பரவலில் அந்தத் தாளை வைத்து ராத்திரி உட்கார்ந்து வரைபடம் போட்டேன். மூன்று வாரமும் திங்கட்கிழமை நோய் செங்குத்தாக ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடுகிற இடத்தில் ஏதோ கலக்கிறது என்று ஒரு கதையே கட்டிவிட்டேன். காலையில் அந்தத் தாளை எழுதிய சுகாதார உதவியாளர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சனி ஞாயிறு ரெக்கார்டு எழுத ஆள் கிடையாது சார், எல்லாம் திங்கள்கிழமைதான் ஏறும்" என்றார். நான் எடுத்தது பதிவு செய்த தேதி, எடுக்க வேண்டியது நோய் ஆரம்பித்த தேதி. அதோடு ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு நோயாளியாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எந்த அழகான வரைபடத்தைப் பார்த்தாலும், இந்தத் தாளை யார், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. படுக்கையருகே தொழில் என்ன என்று கேட்பதும் இதுவும் ஒரே குணம்தான்.

"அடுத்து யாருக்கு" என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரியம்மையைவிட நல்ல உதாரணம் இல்லை. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்ற இளம் மருத்துவர் இருந்தார். பெரியம்மை கிளம்பிவிட்டது, ஊர் முழுக்கப் போடத் தடுப்பூசி இல்லை. அப்போதைய கொள்கை எல்லோருக்கும் போடுவது. இவரால் முடியாது. அதனால் ரேடியோவில் பேசிக்கொள்ளும் மிஷனரிகளிடம் அவரவர் பகுதியில் ஆள் அனுப்பி எந்தக் கிராமத்தில் நோய் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். நோய் இருந்த இடத்தையும், அங்கிருந்து ஜனங்கள் எந்தச் சந்தைக்கு, எந்த உறவினர் வீட்டுக்குப் போவார்கள் என்பதையும் கணித்து, அங்கே மட்டும் போட்டார். பரவல் அடங்கியது. பற்றாக்குறையில் பிறந்த அந்த யோசனைதான் பிறகு உலகம் முழுக்கப் பெரியம்மையை வளைத்துப் பிடித்தது. இயற்கையாக வந்த கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் ஒரு மருத்துவமனைச் சமையற்காரருக்கு. அலி மாவ் மாலின் என்பது அவர் பெயர். பிழைத்தார். பின்னாளில் போலியோ தடுப்பூசிக்காக ஊர் ஊராகப் பேசினார். 2013இல் மலேரியாவில் இறந்தார். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார மாநாடு அறிவித்தது.

இந்தத் தொழிலில் யாரைப் போல ஆக வேண்டும் என்று என்னைக் கேட்டால் திலீப் மகாலனபிஸ் என்பேன். குழந்தை மருத்துவர். 1971இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் எல்லையோரம் பன்காவ் முகாம்களில் குவிந்தபோது காலரா வந்தது. இரண்டு அறை நிரம்பி வழிய, தரையில் வாந்தியிலும் பேதியிலும் கிடந்தவர்களுக்கு அதன் நடுவே முழங்காலிட்டு உட்கார்ந்துதான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். 1968இலேயே டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் அதைக் காட்டியிருந்தார்கள். ஆனால் அது தேர்ந்த ஆட்கள் அளந்து கொடுத்து, அளந்து பார்த்த ஆய்வு. முகாமில் அதை யார் செய்வது? மகாலனபிஸ் குழு கல்கத்தாவில் தாங்கள் வேலை பார்த்த ஆய்வு மையத்தின் நூலக அறையிலேயே பொட்டலம் கட்டியது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். கொடுக்க நர்ஸ் இல்லை, அம்மாவும் அண்ணனும் கோப்பையில் பிடித்துப் போய்க் கொடுத்தார்கள். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, கரைசல் கொடுத்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. பெரிய மருத்துவர்கள் பலர் உடனே நம்பிவிடவில்லை. ஏழே ஆண்டில், 1978இல், லான்செட் தலையங்கம் அதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று எழுதியது.

இதில் எனக்குப் பிடித்தது கோப்பை. மருந்தைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. டாக்டர் கையிலிருந்து அம்மா கைக்கு அதை மாற்றலாம் என்று துணிந்தது அவர். தரையில் உட்கார்ந்து ஊசி ஏற்றிய ஆளுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும், மேசையிலிருந்து வந்திருக்காது.

இன்னொருவர் ழான்-ழாக் முயெம்பே. 1976இல் அன்றைய சாயிர், இன்றைய காங்கோ நாட்டின் யம்புக்கு கிராமத்துக்கு, புரியாத காய்ச்சலில் ஜனங்கள் சாகிறார்கள் என்று அனுப்பப்பட்டவர். கையுறைகூட இல்லாமல் இரத்தம் எடுத்தார், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் அவர் விரல்களில் வழிந்தது. நோயுற்ற ஒரு கன்னியாஸ்திரீயைத் தலைநகருக்கு அழைத்து வந்தார். அந்தக் கன்னியாஸ்திரீயின் இரத்தம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் ஆய்வகத்துக்குப் போனது. எபோலா கண்டுபிடிக்கப்பட்ட கதையில் மேற்கத்தியப் பெயர்கள்தான் நெடுங்காலம் ஒலித்தன, முயெம்பேயின் பங்கு பரவலாகப் பேசப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. அவர் வேலையை நிறுத்தவில்லை. 1995இல் கிக்விட் பரவலில், பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். எட்டுப் பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, வெளிநாட்டு அறிஞர்கள் தலையாட்டவில்லை. ஆனால் அந்தப் பரவலில் பிழைத்த ஒருவரின் அணுக்களிலிருந்துதான் பின்னாளில் ஒரு எதிர்ப்பொருள் மருந்து உருவானது. 2018, 2019இல் காங்கோவில் போர் நடந்துகொண்டிருந்த பகுதியில் நான்கு மருந்துகளை ஒப்பிட்டு முறையான சோதனை நடந்தது, முயெம்பே அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். அந்த மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் சுமார் 35 சதவீதம், பழைய ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம். ஒரு கேள்விக்குப் பதில் வர 43 ஆண்டு. இந்தத் துறையில் பொறுமை என்றால் இந்த அளவில்தான் பேச வேண்டும்.

படிப்பு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ சுமார் மூன்று ஆண்டு, அதன்மேல் தொற்றுநோயில் இரண்டு மூன்று ஆண்டு. வெப்பமண்டல மருத்துவத்துக்கு மூன்று மாத டிப்ளமோ உண்டு, லிவர்பூலும் லண்டனும் பேர்போனவை. 1898, 1899இல் தொடங்கிய அந்தப் பள்ளிகள் காலனி வியாபாரத்தையும் காலனி அதிகாரிகளையும் காப்பாற்றப் பிறந்தவை என்பதை மறந்துவிடாமல் படியுங்கள், இத்துறையின் பல பழக்கங்களுக்கு அங்கேதான் வேர். களப் பயிற்சிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1951இல் அலெக்சாண்டர் லாங்முயர் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டாண்டுக் களப் பயிற்சிக்குச் சின்னம், ஓட்டை விழுந்த ஷூவின் அடிப்பக்கம். அந்த மாதிரியில் இன்று பல நாடுகளில் பயிற்சி நடக்கிறது. புள்ளியியல் மென்பொருள் ஒன்றை உங்கள் கையாலேயே ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், உதவியாளரை நம்ப வேண்டாம். பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பாதிக் கதவு தானாகத் திறக்கும்.

இனி யாரும் விளம்பரத்தில் போடாத பகுதி.

வேலை நிலையாக இருக்காது. உலகச் சுகாதார வேலைகளில் கணிசமானவை ஆறு மாதம், பதினொரு மாதம் என்று ஒப்பந்தத்தில் ஓடுபவை. பணம் தருபவர் மனம் மாறினால் திட்டம் முடிந்தது. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டைக் கலைத்தபோது, எச்ஐவி, காசநோய், மலேரியா வேலைகளில் இருந்த எத்தனையோ பேர் ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்குப் போனார்கள். 2023இல் மட்டும் காசநோயில் 12.5 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். நோய் குறைந்ததால் நின்ற பணம் இல்லை அது. குடும்பம் இருந்தால், ஊரில் நோயாளி பார்க்கிற ஒரு நிலையான வேலையை வைத்துக்கொண்டு வருடத்தில் சில மாதம் களத்துக்குப் போகிற ஏற்பாடுதான் நடைமுறையில் தாக்குப்பிடிக்கிறது. நோயாளியை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்தச் சில்லறைக் காரணமும் உண்டு.

உண்மையைச் சொன்னால் எல்லோரும் கைதட்ட மாட்டார்கள். 2010 அக்டோபரில், குறைந்தது நூறு ஆண்டாகக் காலராவே பதிவாகாத ஹைட்டியில் அது வெடித்தது. பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரு போய், எந்த ஊரில் எந்த நாளில் முதல் நோயாளி என்று வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். நோயின் தடம் ஆற்றின் மேல்பக்கத்தில், நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் பக்கத்துக் கிளையோடையில் போய் நின்றது. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. ஐ.நா. பொதுச்செயலாளர் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். இடையில் ஆறு ஆண்டு. எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய், பதினாயிரத்துக்கு நெருக்கமான மரணம். நாடுகள் தங்கள் பரவலை மறைப்பதைத் தடுக்கத்தான் 2005இல் சர்வதேச சுகாதார விதிகளைத் திருத்தி எழுதினார்கள், 2007இல் அமலுக்கு வந்தது. உலகைப் பாதிக்கக்கூடியது என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. விதி இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டிய ஆளின் மேலதிகாரியும் இருக்கிறார்.

அப்புறம் உயிர். கார்லோ உர்பானி இத்தாலிய மருத்துவர், குடற்புழு நிபுணர், உலக சுகாதார நிறுவனத்துக்காக ஹனோயில் இருந்தார். 2003 பிப்ரவரி 28 அன்று ஒரு மருத்துவமனை, விசித்திரமான நிமோனியா ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டது. அலுவலகத்திலிருந்தே அறிக்கை கேட்டிருக்கலாம். போனார். தினமும் போனார். ஊழியர்களுக்கு நோய் தாவுவதைப் பார்த்து எச்சரித்தார். வியட்நாம் அரசு அதைக் கேட்டு உடனே கதவுகளை இறுக்கியது. மார்ச் 12 அன்று உலகளாவிய எச்சரிக்கை வந்தது. அதற்கு முந்தைய நாள் பாங்காக் போகும் விமானத்திலேயே உர்பானிக்குக் காய்ச்சல். மார்ச் 29 அன்று இறந்தார், வயது 46. பின்னால் சார்ஸ் என்று பெயர் வாங்கிய அந்த நோயை அடக்கிவிட்டதாக அறிவிக்கப்பட்ட முதல் நாடு வியட்நாம். உலகம் முழுக்க 8,096 பேரோடும் 774 மரணத்தோடும் அது நின்றது. பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம் என்று பயிற்சியில் நூறு தடவை சொல்வார்கள். சலிப்பாக இருக்கும். நூற்றியோராவது தடவையும் கேளுங்கள். கண்ணாடி முன்னால் நின்று, பக்கத்தில் ஒருவர் வாய்விட்டு ஒவ்வொரு படியாகச் சொல்ல, அவசரமே இல்லாமல் கழற்ற வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: எது முதலில்? என் அபிப்பிராயம் நோயாளிதான் முதலில். பொதுச் சுகாதாரப் பட்டம் ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ வரும், முப்பத்தைந்து வயதிலும் வரும். இராத்திரி டியூட்டியில் காய்ச்சல்காரரைத் தனியாகப் பார்த்து முடிவெடுத்த பழக்கம் பிற்பாடு வராது. மாறாக நினைப்பவர்களும் உண்டு, சீக்கிரமே எண்ணக் கற்றவர்கள் நல்ல கேள்வி கேட்பார்கள் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் படிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே ஒன்று செய்யலாம். உங்கள் மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, போன வருடத்து இரத்த கல்ச்சர் பதிவேட்டை வாங்குங்கள். நோயாளியின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டாம், கிருமி, வார்டு, தேதி போதும். ஒரு வரிசைக்கு ஒருவர். முடித்ததும் ஒரே வார்டில், ஒரே மாதத்தில், ஒரே கிருமி மூன்று தடவைக்கு மேல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வார்டுக்கு நடந்து போய், ஒரு மணி நேரம் ஓரமாக நின்று, எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். இரண்டு தேதியையும் தனித்தனியாக எழுத மறக்காதீர்கள்: இரத்தம் எடுத்த நாள் ஒன்று, பதிவேட்டில் ஏறிய நாள் ஒன்று.